முந்நூற்று நாற்பது கில்டர் பெயர்

ஏல்கெ ஹெட்டிங்கா தீவனக்கடைக்காரருக்கு முந்நூற்று நாற்பது கில்டர் கடன்பட்டிருந்தார்.

1929 நவம்பர் மாதம் அது. பண்ணைக்கூலி ஒருவன் அரை வருஷம் பால் கறந்தாலும் கையில் சேராத தொகை. ரொட்டி மாவு, மண்ணெண்ணெய், வீட்டுப் பன்றிக்குத் தவிடு என்று பைசா பைசாவாக ஏறியது. கடைக்காரர் பெயர் கெர்பன் வாசனார். நாலு வீடு சொந்தம், தேவாலயத்தில் முன்வரிசை இருக்கை சொந்தம், பிள்ளை மட்டும் இல்லை. ஏல்கெவுக்குத் தலைமகன் பிறந்த இரண்டாம் நாள் அவர் கடன் சிலேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குடிசைக்கு வந்தார். பையனுக்கு என் பெயரை வை, சிலேட்டைத் துடைத்துவிடுகிறேன் என்றார். பிரசவித்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தொட்டிலுக்கு மேலே, மாடு விற்கிற மாதிரி, இரண்டு ஆண்களும் உள்ளங்கையில் அறைந்து பேரத்தை முடித்தார்கள். அப்படி வந்த பெயர்தான் கெர்பன்.

நெதர்லாந்தின் வடக்கே எங்கள் ஃப்ரீஸ்லாந்துப் பக்கம் இது சின்ன விஷயம் இல்லை. மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனாலும் கடலுக்குக் கட்டிய கரை மாதிரி, ஒருவன் ஓர் இடத்தில் உடைத்தால் ஊரே நனையும். அந்தப் பிள்ளைக்கு நியாயப்படி விழுந்திருக்க வேண்டிய பெயர் ரைன்டர். தாத்தா ரைன்டர் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்குப் புதுத் தொப்பியோடு வந்திருந்தார். போதகர் தண்ணீரைத் தொட்டுப் பெயரைச் சொன்னதும் அந்தத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஆண்கள் தலையை மூடக்கூடாத தேவாலயத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, எழுந்து வெளியே போனார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் உயிரோடு இருந்தார். ஒரு தடவைகூடப் பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஏய் பையா" என்பார். பக்கத்தில் ஆள் இருந்தால் "அது" என்பார். அடுத்துப் பிறந்த தம்பிக்கு அவசர அவசரமாக ரைன்டர் என்று வைத்தார்கள். வெள்ளிக் கடிகாரமும் பெண் ஆட்டுக்குட்டியும் அவனுக்குப் போயின. பெயர் கொடுத்தவர் பொருளும் கொடுக்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். தீவனக்கடைக் கெர்பன் தன் பெயர்க்காரனுக்கு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு பொட்டலம் கற்கண்டு கொடுத்தார். சாகும்போது நாலு வீட்டையும் தேவாலயத்துக்கு எழுதி வைத்தார்.

கதை தெரியாமல் வளர்ந்திருந்தால் ஒருவேளை வலிக்காமல் போயிருக்கும். எட்டு வயதில் தெரிந்துபோயிற்று. கடைக்காரரின் தங்கை மகள் ரென்ஸ்கெ கடையில் நின்று சாமான் நிறுப்பாள். கெர்பனைவிட இரண்டு வயது மூத்தவள், வாய் அவளுக்கு இருபது வயது மூப்பு. கால் கிலோ சீனிக்கு வந்த பையன் தராசு குறைகிறது என்று சொல்லப்போக, அவள் ஒரு பிடி சீனியை மறுபடி மூட்டைக்குள்ளேயே கொட்டிவிட்டுச் சொன்னாள்:

"நீ பேசாதே. நீயே எங்க முந்நூத்து நாப்பது கில்டர்தான்."

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டான். ஏல்கெ மரச்செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்துக்கொண்டே, அந்தக் குளிர்காலம் உனக்குத் தெரியாதுடா என்று மட்டும் சொன்னார்.

பள்ளிக்கூடம் பன்னிரண்டு வயதோடு முடிந்தது. அதற்குள் வாத்தியார் ஒரு நல்ல காரியம் செய்தார். உன் பெயர் பழைய பெயர், ரோமாபுரிக்காரன் இங்கே வருவதற்கு முன்னாலிருந்த பாஷையில் முன்பாதி ஈட்டி, பின்பாதி கரடி என்று சொன்னார். இந்தப் பக்கத்துச் சேற்று நிலத்தில் கரடியை எவன் கண்டான்? ஆனால் பையனுக்கு அது போதும். கடைக்காரன் வாங்கினது பெயரைத்தானே தவிர ஈட்டியையும் கரடியையும் இல்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டான்.

பதினாலு வயதில் நோஞ்சான் கன்று ஒன்றைக் கடனில்லாமல் வாங்கினான். கடனில்லாமல் என்பதைக் கவனிக்க வேண்டும். அதைத் தேற்றி விற்று இரண்டாக்கினான். இருபத்தைந்து வயதில் லேவர்டன் நகரத்து வெள்ளிக்கிழமை மாட்டுச் சந்தையில் நீலச்சட்டையும் மூங்கில் கம்புமாக நின்றான். நாற்பதில் அவன் கை வைத்த மாட்டுக்கு மற்றவன் விலை சொல்ல யோசிப்பான். ஒரு பசு நடந்து போவதைப் பின்னாலிருந்து பார்த்தாலே எத்தனை லிட்டர், எத்தனை ஈற்று, எந்தக் காலில் நோவு என்று சொல்லிவிடுவான். கல்லூரி படித்த கால்நடை டாக்டர்கள் அவனிடம் வந்து கேட்டுப் போவார்கள். சந்தையில் கெர்பன் என்றால் அவன் ஒருவன்தான். பேரத்தின்போது அவன் உள்ளங்கையில் அறைகிற அறைக்குச் சில வியாபாரிகள் கையுறை போட்டு வந்ததாகப் பேச்சு உண்டு. பொய் இல்லை.

கல்யாணம் ஆயிற்று. மனைவி யிக்கெ, அளந்து பேசுகிறவள். 1964-இல் பையன் பிறந்தான். வழக்கப்படி அவனுக்கு ஏல்கெ என்று பெயர் வைக்க வேண்டும். ஏல்கெ கிழவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, முகம் மழித்து, காப்பி மேஜை முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். கெர்பன் அவரைப் பார்த்து, நிதானமாக, எல்லோர் முன்னாலும் கேட்டான்.

"உங்க பேரை வெச்சா யாருப்பா எனக்குக் காசு கொடுப்பாங்க?"

பையனுக்கு மாமனார் பெயரான ஹில்கெ என்று வைத்தான். ஏல்கெ காப்பியைக் குடித்து முடித்தார். நல்ல காப்பி என்றார். மூன்றாவது வருஷம் செத்துப்போனார். தம்பி ரைன்டருக்கு நாலும் பெண்கள். ஏல்கெ என்ற பெயர் கிழவரோடு மண்ணுக்குள் போயிற்று. கெர்பன் அதை அன்றைக்குப் பெரிதாக நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை சந்தை இருந்தது.

இனி 2001. அந்த வசந்தத்தில் கோமாரி வந்து சந்தையை மூடினார்கள். நாற்பத்தைந்து வருஷத்தில் முதல்முறையாகக் கெர்பனுக்குப் போக்கிடம் இல்லை. எழுபத்திரண்டாவது வயது நடக்கிறது. சும்மா இருக்கிற மனுஷனா? பழைய கன்றுக்கொட்டகையை இடித்துவிட்டுப் புதிதாகச் செங்கல்லில் கட்டத் தொடங்கினார். யாருக்காக என்று யிக்கெ கேட்டாள். ஹில்கெ தெற்கே ஊட்ரெக்ட் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான், மாட்டு வாடையே ஆகாது. பேரனுக்கு என்றார் கெர்பன். மருமகள் மார்லேனுக்கு நவம்பரில் பிரசவம், வயிற்றில் இருப்பது ஆண் என்று படம் பிடித்துச் சொல்லியாயிற்று. மூத்த பையனின் மூத்த பையன். அவன் பெயர் கெர்பன். இதில் கேட்க என்ன இருக்கிறது?

கேட்கவில்லை. அதுதான் அவர் செய்த தப்பு. எங்கள் பக்கத்துக்காரனைத் தவிர வேறு எவனும் செய்யாத தப்பு. கட்டடம் எழும்பும்போது வீட்டுக் குழந்தையின் கையால் முதல் கல்லை வைத்து, அவன் பெயரையும் வயதையும் கல்லில் வெட்டிச் சுவரில் பதிப்பது வழக்கம். நூறு வருஷத்துக்கு அந்தப் பெயர் மழையில் நிற்கும். கெர்பன் செப்டம்பரிலேயே கல்வெட்டுகிற ஊனெவிடம் போய், ரொக்கம் முழுவதையும் முன்னாலேயே கொடுத்து, நீலக்கல்லில் வெட்டச் சொன்னார்: முதல் கல்லை வைத்தவன் கெர்பன் ஹெட்டிங்கா, வயது — வாரங்கள். எண்ணுக்கு மட்டும் இடம் விட்டால் போதும். பிள்ளை இன்னும் பிறக்கவில்லையே என்று ஊனெ இழுத்தான். பிறந்துவிடும், உன் உளியைத் தீட்டு என்றார். யிக்கெ அன்றைக்குச் சொன்னது ஒன்றுதான்: வயிற்றில் சுமக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அக்டோபரில் ஹில்கெ போனில் பெயர் இன்னும் முடிவாகவில்லை என்றான். அந்த வார்த்தையைக் கேட்ட மாத்திரத்தில் கெர்பன் ரயிலேறி ஊட்ரெக்டுக்குப் போனார். மூன்றாவது மாடி வீடு. மார்லேன் வயிற்றின்மேல் ஒரு பெயர்ப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். தடித்த புத்தகம். அதில் கெர்பன் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது மாமா, ஈட்டி, கரடி என்று போட்டிருக்கிறது, அழகான பெயர்தான் என்று அவள் மரியாதையாகவே சொன்னாள். ஆனால் இங்கே ஊட்ரெக்டில் பெயரின் முதல் எழுத்தைத் தொண்டையிலிருந்து காறித்தான் சொல்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளை நாள் முழுக்கத் தன்னைப் பார்த்து யாரோ சளி துப்புவதைக் கேட்க வேண்டும் என்றாள். ஹில்கெ தன் அலுவலகத்தில் இருநூறு பேர் இருக்கிறார்கள், ஒரு கெர்பன் இல்லை என்றான். எங்கள் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் தெரியுமா என்று ஆரம்பித்த கெர்பன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பால் லாரி ஓட்டுகிறவன் ஒருவன். முதியோர் இல்லத்தில் ஒருவர். மற்றதெல்லாம் கல்லறையில்.

பேச்சில் தோற்றால் பணத்தில் இறங்கு என்பது சந்தைப் பாடம். வீடு வாங்க இருபதாயிரம் கில்டர் தருகிறேன் என்றார். முப்பது என்றார். நாற்பது என்று சொல்லும்போது, பழக்கதோஷம், வலது உள்ளங்கை தானாகவே முன்னால் நீண்டுவிட்டது. மகன் அறைவதற்காக அது அந்தரத்தில் நின்றது.

ஹில்கெ அந்தக் கையைப் பார்த்தான்.

"முந்நூத்து நாப்பதுலேர்ந்து ரொம்ப தூரம் ஏறிட்டீங்கப்பா."

"உனக்கு யார் சொன்னது?"

"அம்மா. அதை விடுங்க. எனக்கு ஏன் உங்க அப்பா பேரை வெக்கல?"

"அது வேற."

"என்ன வேற?"

எத்தனையோ மாட்டின் குறையை மறைத்துப் பேசியவர் தொப்பியைத் தேடினார். மார்லேன் சூப் இருக்கிறது, குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். ரயிலுக்கு நேரமாயிற்று என்றார். ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நடைமேடையில் உட்கார்ந்திருந்தார்.

அவ்வளவு நடந்த பிறகும் ஊனெவிடம் போய் உளியை நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளை முகத்தைப் பார்த்தால் மனசு மாறும் என்று ஒரு மூலையில் நம்பிக்கை கிடந்தது. விலை படியாது என்று தெரிந்த மாட்டைச் சாயங்காலம்வரை பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களைச் சந்தையில் அவர் எவ்வளவோ கேலி செய்திருக்கிறார்.

நவம்பர் பதினெட்டு, காலை ஆறரைக்குப் போன் வந்தது.

"பையன்ப்பா. மூணே முக்கால் கிலோ. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பேரு மேஸ்."

மேஸ் என்றால் ஒரு குருவி. குளிர்காலத்தில் ஜன்னலில் கட்டிவிடுகிற கொழுப்பு உருண்டையைத் தலைகீழாகத் தொங்கிக் கொத்துமே, கட்டைவிரல் அளவு, அது.

"எடை நல்ல எடை" என்றார் கெர்பன். போனை யிக்கெயிடம் கொடுத்துவிட்டுக் கன்றுகளைப் பார்க்கப் போனார்.

அதே வாரம் ஊனெ கல்லைக் கொண்டுவந்து இறக்கினான். எழுத்து அற்புதமாக வந்திருந்தது, பொன்முலாம்கூடப் பூசியிருந்தான். ஊருக்கே விஷயம் தெரிந்திருந்ததால் அவன் கெர்பனின் முகத்தைப் பார்க்கவில்லை. வேண்டுமானால் பின்பக்கத்தைத் தேய்த்து வேறு பெயர் வெட்டித் தருகிறேன், கூலி வேண்டாம் என்றான். காசு வேண்டாம் என்று ஒருவன் கெர்பனிடம் இரக்கப்பட்டுப் பேசுவது அதுதான் முதல்முறை. வைத்துவிட்டுப் போ என்றார். கல் கொட்டகைச் சுவரோரம் சாய்ந்து நின்றது. கன்று ஒன்று வந்து அந்தப் பெயரை நக்கிப் பார்த்துவிட்டு, உப்பில்லை என்று கண்டு விலகிப் போயிற்று.

டிசம்பர் முதல் ஞாயிறு யிக்கெ அவரை இழுத்துக்கொண்டு ஊட்ரெக்டுக்குப் போனாள். ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, ஆண் குழந்தைக்கான நீலச் சோம்பு மிட்டாய் தூவிக் கொடுத்தார்கள். சாப்பிட்டார். பிள்ளையைத் தூக்கி அவர் கையில் வைத்தார்கள். அது கண்ணைத் திறந்து, நேராக, பேரம் பேச வந்தவன் மாதிரி அவரைப் பார்த்தது. தாடை ஹெட்டிங்காத் தாடை. ஏல்கெயின் தாடை.

"ஏய் பையா" என்றார்.

மார்லேன் பக்கத்திலிருந்து, கோபமில்லாமல், துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"அவனுக்குப் பேர் இருக்கு மாமா."

சொல்லத்தான் நினைத்தார். மூன்றெழுத்துக்கூட இல்லாத பெயர், ஒரு மூச்சில் முடிந்துவிடும். நாக்கு எழவில்லை. மறுபடி முயன்றார், மறுபடியும் "பையா" என்றுதான் வந்தது. அந்தக் குரலை அவருக்குத் தெரியும். தேவாலயத்துக்குள் தொப்பி போட்டுக்கொண்ட மனிதரின் குரல். பதினோரு வருஷம் காதால் கேட்ட குரல், இப்போது அவர் வாயிலிருந்தே, இரண்டு வாரக் குழந்தையின் முகத்துக்கு நேரே. பிள்ளையை யிக்கெயிடம் கொடுத்துவிட்டு ஜன்னலுக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

திரும்புகிற ரயிலில், ஊர் வருவதற்கு முன் அவராகவே, ரென்ஸ்கெ இன்னும் இருக்கிறாளா என்று கேட்டார். முதியோர் இல்லத்தில், கால்தான் போச்சு, வாய் அப்படியே இருக்கிறது என்றாள் யிக்கெ.

மறுநாள் மதியம் பனித்தூறலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். ரென்ஸ்கெ ஜன்னலோரம் தனியாகச் சீட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். எழுபத்து நாலு வயது, மடியில் போர்வை. ஞாயிற்றுக்கிழமைத் தலையசைப்பைத் தவிர அவர்களுக்குள் அறுபது வருஷமாகப் பேச்சில்லை.

"என்ன கெர்பன், வழி தவறின மாட்டைத் தேடி வந்தியா?"

அவர் உட்காரவில்லை. அப்பாவின் கடனைக் கொடுக்க வந்திருக்கிறேன், உன் மாமாவுக்கு வாரிசு என்று மிச்சமிருப்பது நீ ஒருத்திதான் என்றார். அவள் சிரிக்கத் தொடங்கினாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விட்டாள்.

"அது தீர்ந்த கடன்பா. மாமா அன்னைக்கே சிலேட்டைத் துடைச்சிட்டார்."

"சிலேட்டைத்தான் துடைச்சார்."

அவள் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தாள். கடையில், சீனி மூட்டைக்குப் பக்கத்தில் தான் சொன்னது நினைவிருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. நினைவில்லை என்று அவளும் சொல்லவில்லை.

"வட்டி?" என்றாள், பழைய ரென்ஸ்கெயாக.

"வட்டி கட்டியாச்சு."

"புது வருஷம் பொறந்தா யூரோ. இது செல்லாக்காசு, தெரியுமில்ல?"

"அதுக்குள்ள செலவு பண்ணிடு. கில்டர்ல பட்ட கடன், கில்டர்லதான் தீரணும்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பேரன் பிறந்திருக்கிறானாமே, கல்கூட வெட்டியாயிற்றாமே என்றாள். குத்துவதற்கு வாகாக இடம் கிடைத்தும் அவள் அதற்கு மேல் போகவில்லை. பெயர் என்ன என்று மட்டும் கேட்டாள்.

கெர்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே பனித்தூறல். தொண்டையைச் செருமினார்.

"மேஸ்."

"குருவியா?"

"குருவிதான்."

"சுமக்க லேசா இருக்கும்" என்றாள் ரென்ஸ்கெ. அப்புறம் போர்வையை ஒதுக்கிவிட்டு, நரம்போடிய வலது கையை வெளியே எடுத்து, உள்ளங்கை மேலே தெரிய நீட்டினாள். சந்தைக்காரி இல்லையென்றாலும் சந்தை ஊர்க்காரி. முதலில் உள்ளங்கையில் அறை விழும் என்று காத்திருந்தாள்.

"இது பேரம் இல்ல" என்றார் கெர்பன்.

உள்பையிலிருந்து பணத்தை எடுத்தார். கலங்கரை விளக்கம் போட்ட இருநூற்றைம்பதை அவள் உள்ளங்கையில் வைத்தார். அதன்மேல் சூரியகாந்தி போட்ட ஐம்பது. முந்நூறு என்று எண்ணினார். ஓர் இருபத்தைந்து, ஒரு பத்து. முந்நூற்று முப்பத்தைந்து. கடைசியாகக் கால்சட்டைப் பையில் விரலால் துழாவி, உடம்புச் சூட்டோடு கிடந்த ஐந்து கில்டர் நாணயத்தை எடுத்து, நோட்டுகள் பறந்துவிடாதபடி அவற்றின் மேலே வைத்தார்.